பல்லிக்கும் வெயில் வேண்டும்

சேவூர்க்காரர்களுக்கு வெப்பத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் தறிக்குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்திருக்கும் நெசவாளரைக் கேட்டால், அந்தக் குழியின் குளிர்ச்சிதான் பகற்பொழுதைத் தள்ளுகிறது என்பார். ஆரணி வட்டாரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் கோடை நாள்கள் புதியவையல்ல. வெப்பத்திலிருந்து எப்படித் தப்புவது என்பதே நம் கவலை. காசு கொடுத்து வெப்பத்தை வாங்கி, அதையும் ஒரு பல்லிக்குக் கொடுப்பது என்றால் நம் தெருவில் சிரிக்கத்தான் செய்வார்கள். என் தாயாரும் சிரித்தார்கள்.

"பல்லிக்குக் குளிருதாமே! கம்பளி தைத்து அனுப்பட்டுமா?" என்று கேட்டார்கள்.

என் இளைய சகோதரி, கணவருடனும் மகளுடனும் இங்கிலாந்தில் வாழ்கிறாள். மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவள் வளர்த்து வந்த சிறுத்தைப் பல்லி உணவை மறுத்துவிட்டது என்ற செய்தி 2022ஆம் ஆண்டு டிசம்பரில் எங்களுக்கு எட்டியது. ஊரே விலைவாசியால் திணறிக் கொண்டிருந்த குளிர்காலம் அது. உக்ரேன் போருக்குப் பின் அந்நாட்டில் எரிவாயு, மின்சாரக் கட்டணங்கள் ஏறிய ஏற்றத்தைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அரசாங்கமே தலையிட்டு, அந்த அக்டோபர் முதல் விலைக்கு ஓர் உச்சவரம்பு கட்ட நேர்ந்தது. அப்படியும் ஒரு யூனிட் மின்சாரம் சராசரியாக 34 பென்ஸ். பெரும்பாலான குடும்பங்களைப் போல் என் சகோதரி வீட்டிலும், பெற்றோர் வேலைக்கும் குழந்தை பள்ளிக்கும் போகும் நேரத்திலும், இரவு படுத்த பிறகும் வீட்டுச் சூடேற்றியை அணைத்து வைத்தார்கள். அறைகள் 14 டிகிரிக்கு இறங்கின. மனிதர்கள் ஒன்றுக்கு இரண்டாகச் சட்டை அணிந்து கொண்டார்கள். பல்லிக்குச் சட்டை கிடையாது. இருந்தாலும் பயனில்லை, ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அந்தப் பல்லிக்கு அவள் வைத்த பெயர் 'பட்டு'. விரலால் தடவினால் பட்டுப் போல் இருக்கிறதாம். சேவூரில் பிறந்தவளின் மகள் வேறு என்ன பெயர் வைப்பாள்?

முதலில் அந்தப் பிராணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் சுவர்களில் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் பல்லியன்று அது. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள், பருத்த வால். ஒட்டகத்துக்குத் திமில் எப்படியோ அப்படி அதற்கு வால். உண்டதில் மிஞ்சும் கொழுப்பை அங்கே சேமிக்கிறது. சுவரிலும் கண்ணாடியிலும் ஏறவல்ல ஒட்டும் விரல்கள் அதற்கு இல்லை. தரையில் நடக்கும் சாதி. நம் பல்லிக்கு இல்லாத ஒன்று அதற்கு உண்டு: இமைகள். கண்ணை மூடித் தூங்கும். மெல்லத் திறந்து நம்மை நிதானமாகப் பார்க்கும். குழந்தைகள் அதன்மீது அன்பு கொள்வதற்கு அந்தப் பார்வையே காரணமென்று நினைக்கிறேன். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலம் அதன் தாயகம். கல்கத்தா ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் என்பவர், பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் கிடைத்த பல்லியைக் கொண்டு 1854இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். இன்று மேலை நாடுகளின் கடைகளில் விற்பவையோ பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே முட்டையிட்டுப் பொரித்து வந்தவை. பட்டுவின் முன்னோர் நம் பக்கத்து மலையினர். பட்டு அந்த மலையைக் கண்டதே இல்லை.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு, குறிப்பாக வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு, ஒரு கேள்வி எழுந்திருக்கும். என் தாயாருக்கும் எழுந்தது. "பல்லியைக் கொல்லும்படியல்லவா ஹதீஸில் வந்திருக்கிறது, அதை வளர்ப்பதாவது?" நியாயமான கேள்வி. அரபியில் 'வஸக்' எனப்படும் பல்லியைக் குறித்து நபி (ஸல்) அவர்களின் கட்டளை புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியிருப்பது உண்மைதான். வீட்டுக்குள் திரிகிற அந்தப் பல்லிக்குச் சொல்லப்பட்டது, மலைப்பாறையில் வாழ்கிற, வேறு குடும்பத்தைச் சேர்ந்த இதற்கும் பொருந்துமா? நான் ஃபத்வா கொடுக்கத் தகுதியுள்ளவனல்லன். கற்றறிந்த இரண்டு ஹஜ்ரத்மார்களிடம் கேட்டேன். ஒருவர் 'பொருந்தும், தவிர்ந்து கொள்வதே பேணுதல்' என்றார். மற்றவர் 'பொருந்தாது, தீங்கில்லாத பிராணியைப் பேணி வளர்க்கத் தடையில்லை' என்றார். தம் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை வாசகர்கள் தத்தம் உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளட்டும். அவ்விருவரும் ஒன்றுபட்ட இடம் ஒன்றுண்டு. அறுத்தாலும் கொன்றாலும் அதிலும் அழகிய முறையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது நபிமொழி. ஆகவே எந்தக் கருத்தின்படியும், ஓர் உயிரைப் பெட்டியில் அடைத்துக் குளிரில் சிறுகச் சிறுகச் சாகவிட வழியே இல்லை.

என் தாயார் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் அதற்கு என்ன வேண்டுமென்று பார்" என்றார்கள்.

மதரஸாவில் ஓதிக் கொடுப்பது என் பணி. கல்லூரியில் நான் படித்தது வரலாறு. விலங்கியலுக்கும் எனக்கும் தூரம். ஆனால் கேட்டவர் தாயார். இரவு நேரங்களில் நூல்களைப் புரட்டினேன். சகோதரி வீட்டார் கலந்து கொண்ட கால்நடை மருத்துவர் சொன்னவற்றைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக் கொண்டேன்.

நம் உடல் தன் வெப்பத்தைத் தானே செய்து கொள்கிறது. சாப்பிட்ட சோற்றில் பெரும்பகுதியை எரித்து 37 டிகிரியில் நிற்கிறது. சட்டை, போர்வை எல்லாம் அந்த வெப்பம் வெளியே போகாதபடி தடுப்பவை, அவ்வளவே. பல்லிக்கு உள்ளே அடுப்பு இல்லை. கம்பளி போர்த்தினால் குளிர்ந்த கல்லுக்குப் போர்த்தியது போலத்தான். அதன் அடுப்பு வெளியே இருக்கிறது: வெயில், வெயிலில் சுட்ட பாறை. இவற்றிடமிருந்து வாங்கிய வெப்பத்தைக் கொண்டுதான் அதன் இதயம் துடிக்கிறது, தசை அசைகிறது, வயிறு செரிக்கிறது.

இதனால் அதைச் சோம்பேறி என்று அறிவியலார் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். சூழ்நிலை சூடானால் சூடாகும், குளிர்ந்தால் குளிரும், தானாக ஒன்றும் செய்யாது என்று. 1944இல் கௌல்ஸ், போகர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பாலைவன ஊர்வனவற்றைக் கவனித்து எழுதிய ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. வெயிலுக்கு வருவதும் நிழலுக்குப் போவதும், உடலைத் திருப்புவதும், மண்ணில் புதைவதும் என இடைவிடாத நடமாட்டத்தால் அவை தம் உடல் வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் நிறுத்திக் கொள்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். அரபு மொழி கற்றவர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. 'ஹிர்பா' எனப்படும் பச்சோந்தி கிளையில் அமர்ந்து சூரியனின் பக்கமே திரும்பிக் கொண்டிருக்கும் என்று பழைய அரபுக் கவிஞர்கள் பாடியிருக்கிறார்கள். பாலைவனத்து 'ளப்பு' பொந்தின் வாயிலில் வெயில் காய்வதை இடையர்கள் அறிவார்கள். (இந்த ளப்பைத் தமிழில் 'உடும்பு' என்றே பெயர்த்து வருகிறோம். அது நம் உடும்பன்று. செடி கொடி தின்கிற முள்வால் ஓணான். பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் என்னால் கடந்து போக முடிவதில்லை.)

சிறுத்தைப் பல்லி பகல் வெயிலில் கிடப்பதில்லை. பகலில் பாறையிடுக்கில் பதுங்கி, அந்தி சாய்ந்ததும் வெளியே வரும். கோடை மாலையில் மஃக்ரிபுக்குப் பின் நம் வீட்டு வாசற்கல்லில் அமர்ந்தால், இஷா வரையிலும் அது கதகதவென்றிருக்குமல்லவா? அந்த வெப்பம்தான் அதன் உணவு வேளை. வெயில் போன பிறகும் சூட்டை வைத்திருக்கும் பாறையில் வயிற்றை ஒட்டிப் படுத்து அதை வாங்கிக் கொள்கிறது.

'அதன் உணவு வேளை' என்று நான் சொன்னது உவமைக்காக அன்று. பட்டுவின் பெட்டிக்குள் வெட்டுக்கிளிகளும் புழுக்களும் தவறாமல் போடப்பட்டு வந்தன. ஆனால் உடல் போதிய சூடு பெறாத பல்லியின் வயிற்றில் உணவு செரிக்காது. அப்படியே தங்கிக் கெடும், அல்லது கக்கிவிடும். அதனால்தான் அது உண்ண மறுத்தது. அதற்கு வெப்பமும் இரையே. வெப்பமில்லாமல் இரையை மட்டும் கொடுப்பது, பசித்தவனுக்கு அரிசியைக் கொடுத்து நெருப்பைக் கொடுக்காமல் விடுவதற்கு ஒப்பாகும்.

அதற்காகக் கடையில் கொடுத்தனுப்பிய ஏற்பாடு இருக்கத்தான் செய்தது. பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒட்டும் மின் விரிப்பு. அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அந்தக் கருவியின் உணர்கம்பியை எங்கே வைக்கிறோமோ, அந்த இடத்தின் வெப்பம் குறித்த அளவை எட்டியதும் மின்சாரம் நிற்கும். குறைந்ததும் மறுபடி ஓடும். 32 டிகிரிக்குத் திருகி வைத்திருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்து அணைந்து, எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே சொல்லிக் கொண்டிருந்தது. கடைக்காரர் 'பாலைவனப் பிராணி' என்று சொல்லி மூன்று விரற்கடை ஆழத்துக்கு மணல் பரப்பச் சொல்லியிருந்தார். உணர்கம்பி மணலுக்கு அடியில், கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. மருத்துவர், கொரோனா காலத்தில் நம் நெற்றியில் நீட்டினார்களே, அதைப் போன்ற ஒரு கருவியைப் பெட்டிக்குள் நீட்டிப் பார்க்கச் சொன்னார். மணலுக்கு அடியில் 32. பல்லி படுத்திருந்த மேற்பரப்பில் 23. மறுகோடியில் காற்று 16.

கருவி பொய் சொல்லவில்லை. தன் கம்பி கிடந்த இடத்தைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. பல்லி இருந்த இடத்தைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

கோடையில் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. அறையின் காற்றே 20 டிகிரிக்கு மேல் இருந்து பாதிச் சுமையைத் தாங்கியது. குளிர்காலத்தில் வீட்டுச் சூடேற்றியை அணைத்த பிறகுதான் அம்பலமாயிற்று. அடிவிரிப்பு தரையைச் சூடாக்குமே அன்றிக் காற்றைச் சூடாக்காது. 'மலைநாட்டில் இருந்தால் மட்டும் குளிர்காலம் இல்லையா?' என்று என் மைத்துனர் கேட்டாராம். உண்டு. அங்கே அது வாலில் கொழுப்பைச் சேர்த்துக் கொண்டு, வயிற்றைக் காலி செய்து கொண்டு, ஆழ்ந்த இடுக்கில் ஒடுங்கி உறங்கிக் கடக்கிறது. முழுக் குளிருக்கு அதனிடம் வழியுண்டு. அரைகுறைக் குளிருக்கு இல்லை. உறங்கவும் முடியாமல் செரிக்கவும் முடியாமல் வாலிலுள்ள சேமிப்பைக் கரைத்துக் கொண்டு கிடக்கும். படத்தில் நான் பார்த்தபோது பட்டுவின் வால் கழுத்தின் பருமனுக்கும் கீழே மெலிந்திருந்தது.

மைத்துனரையும் குறை சொல்ல மாட்டேன். கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக் கொண்டு கணக்குப் போடும் தகப்பன் அவர். 'வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம், இல்லையேல் தோட்டத்தில் விட்டுவிடலாம். அல்லாஹ்வின் பூமி விசாலமானது' என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். குழந்தை அழுதுகொண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, விட்டுவிட்டால் பாவமில்லையா?"

பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நம் மதரஸாவில் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். அவள் அதற்கு உணவளிக்கவும் இல்லை. பூமியின் பூச்சி புழுக்களைத் தின்று பிழைத்துக் கொள்ளும்படி அதை அவிழ்த்துவிடவும் இல்லை. அதனால் தண்டனைக்கு உள்ளானாள். எத்தனையோ ஆண்டுகள் இதைக் கற்பித்திருக்கிறேன். உணவளித்தல், அவிழ்த்துவிடுதல் என்று அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாசல்கள் திறந்திருந்தன என்பதை அந்தக் குழந்தை கேட்ட பிறகே நின்று யோசித்தேன். அந்தப் பூனைக்கு வெளியே பிழைப்பு இருந்தது. டிசம்பர் மாத இங்கிலாந்தில் இந்தப் பல்லிக்கு வெளியே என்ன இருக்கிறது? ஓரிரவுப் பனி போதும். அந்நாட்டில் இல்லாத உயிரினத்தை வெளியில் விடுவது 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படியும் குற்றம். இரண்டாவது வாசல் அடைபட்டுவிட்டது. ஆகவே முதல் வாசலின் கடமை இரட்டிப்பாகிறது. அதில் வெப்பமும் சேர்ந்துவிடுகிறது. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சின்னக் குருவி வைத்திருந்ததும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடம் அன்போடு விசாரித்ததும் நாம் அறிந்தவை. பறவையை வைத்துப் பேணலாம் என்பதற்கு அறிஞர்கள் அந்த நிகழ்ச்சியை ஆதாரம் காட்டுவார்கள். அதன் தேவைகளைக் குறைவின்றி நிறைவேற்ற வேண்டும் என்ற நிபந்தனையையும் கூடவே சொல்வார்கள். இதையெல்லாம் மைத்துனரிடம் நான் பிரசங்கமாகச் செய்யவில்லை. குழந்தையிடம் சொன்னேன், அவள் அவரிடம் சொன்னாள்.

பிறகு கணக்கு. மருத்துவர் சொன்ன மாற்றம் பெரிதன்று. மணலை அள்ளிவிட்டு மெல்லிய மண்படுகை. பெட்டியின் ஒரு கோடியில், நம் வீட்டுக் கடப்பைக் கல்லைப் போன்ற ஒரு பலகைக்கல். அதற்கு நேர் மேலே, பல்லி தொட முடியாதபடி காப்புக் கம்பிவலையோடு 50 வாட் ஹாலஜன் விளக்கு. விளக்கின் சூட்டைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் குறைக்கும் வேறு வகைத் தெர்மோஸ்டாட். அதன் உணர்கம்பி கல்லின் மேல், பல்லியின் வயிறு படுகிற இடத்தில். பகலில் பன்னிரண்டு மணி நேரம் எரியும், இரவில் அணையும். விளக்கு அணைந்த பிறகும் கல் சூட்டை வைத்திருக்கும், மலைப்பாறையைப் போல. 50 வாட் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட், அன்றைய விலையில் நாளொன்றுக்குச் சுமார் 20 பென்ஸ். அதுவும் விளக்கு முழு வேகத்தில் எரிந்தால். இரவில் பெட்டிக்குள் 18 டிகிரிக்குக் கீழே இறங்காதபடி மூன்று பக்கமும் தக்கை அட்டை ஒட்டி, மிகக் குளிர்ந்த இரவுகளுக்கு மட்டும் ஒளி தராத பீங்கான் வெப்பக் குமிழ் ஒன்று. அறை முழுவதையும் சூடாக்கியிருந்தால் ஆகும் செலவோடு இதை ஒப்பிட வேண்டியதில்லை. மைத்துனர் கணக்குக்குக் கட்டுப்பட்டவர், ஒப்புக் கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்பு மனை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நம் தறிக்கு வரும் இழை எங்கே பிறக்கிறது என்று காண வேண்டுமென்ற ஆசை. அங்கேயும் சுவரில் வெப்பமானி. முட்டையிலிருந்து வந்த இளம்புழுவுக்கு 28 டிகிரியும் மிகுந்த ஈரப்பதமும். தோலுரித்து வளர வளர ஒவ்வொரு டிகிரியாகக் குறைத்து, ஐந்தாம் பருவத்தில் 24. பனிக்காலத்தில் மனைக்குள் சூடேற்றி வைத்து இரவெல்லாம் பார்த்துக் கொள்கிறார்கள். குளிர்ந்தால் புழு தழையைத் தின்னாது, நாள் நீளும், கூடு மெலியும். மனைவியருக்குப் பட்டுச் சேலை எடுத்துக் கொடுக்கிற நம்மில் எத்தனை பேர் அந்த ஒரு டிகிரியை நினைத்திருப்போம்? ஆகவே பல்லியின் பெட்டியைப் பற்றி முதலில் கேட்டபோது எனக்கு அந்த மனைதான் நினைவில் வந்தது. சரியான எண்ணைக் கண்டுபிடித்து, பெட்டி முழுவதையும் அந்த எண்ணில் நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்றே யாருக்கும் தோன்றும்.

தீராது என்பதுதான் இதிலுள்ள நுட்பம். பட்டுப்புழு தட்டை விட்டுத் தேடிப் போவதில்லை. அதற்குரிய வெப்பத்தை மனிதன் தீர்மானிக்கிறான். பல்லிக்குத் தீர்மானிக்கத் தெரியும். இரை தின்ற பிறகு அதிகச் சூடு வேண்டும். தின்னாத நாளில் குறைவு போதும். தோலுரிக்கும் சமயம் ஈரமும் மறைவும் வேண்டும். பெட்டி முழுவதும் 32 என்றால் ஓடி ஒளிய இடமின்றி வெந்து போகும். ஆகவே ஒரு கோடியில் கல்லின் மேல் 32 அல்லது 33, மறுகோடியில் 24, இரண்டிலும் ஒவ்வொரு மறைவிடம், இடையில் ஈரப்பாசி வைத்த மூன்றாவது பொந்து. வெப்பமானியும் ஒன்று போதாது, கோடிக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். சூட்டுக் கோடியில் மட்டும் மறைவிடம் இருந்தால், அச்சமுள்ள பல்லி வெந்தாலும் அங்கேயே கிடக்கும். குளிர்ந்த கோடியில் மட்டும் இருந்தால் குளிரிலேயே கிடக்கும். பயத்துக்கும் வெப்பத்துக்கும் இடையே அதை நிறுத்தி வைக்கக் கூடாது. கடைகளில் 'சூடு கல்' என்று உள்ளே மின்கம்பி வைத்த செயற்கைக் கல் விற்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஒரே இடத்தில் கொதித்து, வயிறு வெந்த பல்லிகள் பலவற்றுக்கு மருத்துவர்கள் மருந்து போட்டிருக்கிறார்கள்.

இந்தத் தேர்வுரிமை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1970களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் க்ளூகர் என்பவரும் அவருடைய துணைவர்களும் செய்த ஆய்வு காட்டுகிறது. பாலைவன ஓணான்களுக்குக் கிருமி ஏற்றியபோது, அவை வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி அதிகச் சூடான இடத்தைத் தேடிச் சென்றன. நமக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வருகிறது. அவை நடந்து சென்று காய்ச்சலை வாங்கிக் கொள்கின்றன. அந்த இடத்துக்குப் போகவிடாமல் குறைந்த வெப்பத்தில் நிறுத்தப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை இறந்தன. காய்ச்சல் அளவு வெப்பத்தில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. 1975இல் அது வெளியாயிற்று. ஒரே எண்ணில் நிறுத்திய பெட்டி, நோயுற்ற பல்லியிடமிருந்து அதன் மருந்தையும் பிடுங்கி வைத்துக் கொள்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

மாற்றங்கள் செய்த மூன்றாம் நாள் பட்டு கல்லின் மேல் வந்து படுத்தது. ஒன்பதாம் நாள் ஒரு வெட்டுக்கிளியைத் தின்றது. அன்றிரவு நம் நேரம் இரண்டு மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. தஹஜ்ஜுத்துக்கு எழுந்தவர் போல் என் தாயாரும் எழுந்துவிட்டார்கள். வால் பழைய பருமனுக்கு வர ஏப்ரல் ஆயிற்று.

இதைப் படிக்கும் பிள்ளைகள் 'எங்களுக்கும் ஒன்று' என்று கேட்கக் கூடும். பெற்றோர்களுக்கு இரண்டு வார்த்தை. நம் நாட்டுக் காட்டுயிர்களான பச்சைக்கிளி, தில்லைக்குருவி, நட்சத்திர ஆமை போன்றவற்றைப் பிடிப்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டு இன்னும் இறுக்கமாயிற்று. பாங்காக்கிலிருந்து பெட்டிகளில் அடைத்து வரப்பட்ட அயல்நாட்டு ஊர்வன சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவதைச் செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம். சட்டத்தை விடுங்கள், சேவூர் வீட்டில் மே மாதம் உள்ளறையே 36, 37 டிகிரியில் நிற்கும். தெர்மோஸ்டாட் விளக்கை அணைக்கும், அறையைக் குளிர்விக்காது. இங்கிலாந்தில் வெப்பம் வாங்கியது போல் இங்கே குளிர்ச்சி வாங்க வேண்டும். மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை. சிறுத்தைப் பல்லி பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. எட்டு வயதுப் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியதை, அவன் நிக்காஹ் வரை யார் பார்த்துக் கொள்வது?

பார்க்க வேண்டுமென்றால் மகாபலிபுரம் போகும் வழியில் வடநெமிலியில் உள்ள முதலைப் பண்ணைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது. காலை வெயிலில் முதலைகள் வாயைத் திறந்து கரையில் கிடப்பதையும், சூடு ஏறியதும் ஒவ்வொன்றாக நீருக்குள் நழுவுவதையும் பிள்ளைகள் காண்பார்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னதை அவை சொல்லாமலே சொல்லிவிடும். சதுப்புநில முதலையின் முட்டைகள் சுமார் 32.5 டிகிரியில் அடைகாக்கப்பட்டால் ஆண்களும், அதற்குக் குறைந்த வெப்பத்தில் பெண்களும் பிறக்கும் என்பதை அங்கே நடந்த ஆய்வுகள் 1980களில் நிறுவின. சிறுத்தைப் பல்லியிலும் அப்படியே: 26 டிகிரியில் பெரும்பாலும் பெண், 32.5இல் பெரும்பாலும் ஆண், 34ஐத் தாண்டினால் மறுபடியும் பெரும்பாலும் பெண். பட்டு பெண்தான் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னது இந்த அறிவை வைத்துத்தான். மற்றதில் எப்படியோ, இதில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

குழந்தைக்கு இப்போது வயது கூடிவிட்டது. பள்ளி நோட்டு ஒன்றில் இரண்டு கோடுகள் இழுத்து, காலையும் அந்தியும் இரண்டு வெப்பமானிகளையும் பார்த்து எழுதி வைக்கிறாள். மின்சாரம் நின்றால் என்ன செய்வதென்று அட்டையிலேயே குறித்து ஒட்டியிருக்கிறாள்: துணி சுற்றிய வெந்நீர்க் குப்பி, பெட்டியின் மேல் போர்வை, இரை கொடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தன் நன்னிமாவுக்கு அனுப்புகிறாள். என் தாயாருக்கு ஆங்கில எண்கள் மட்டும் தெரியும். கண்ணாடியை மாட்டிக் கொண்டு, முதல் வரிசையில் 32ஐயும் இரண்டாம் வரிசையில் 24ஐயும் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் தொலைபேசியை என்னிடம் தருகிறார்கள்.